வந்தவர் வேலை முடித்துப் போகிறாரா?

தூத்துக்குடித் துறைமுகத்தை நம்பித் தொழில் செய்யும் பலருக்கும் இன்று சொந்தமாக ஒரு வெப்சைட் இருக்கிறது. உப்பு, இறால், நிலாவாரை இலை, உலர்மலர் ஏற்றுமதியாளர்கள் முதல் கிளியரிங் ஏஜென்டுகள், கன்டெய்னர் லாரி உரிமையாளர்கள் வரை யார் பெயரைத் தேடினாலும் ஏதோ ஒரு பக்கம் வந்து நிற்கும். பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் கட்டி அப்படியே விட்ட பக்கங்களும் அவற்றில் உண்டு. அந்த முதலாளிகளிடம் இரண்டு விதமான பேச்சைக் கேட்கலாம். “ரொம்பப் பழசாயிட்டுது, மாத்திரணும்” என்பது ஒன்று. “நல்லாத்தானே ஓடிக்கிட்டிருக்கு, எதுக்குக் கைய வைக்கணும்?” என்பது மற்றொன்று. இரண்டு பேருமே வெப்சைட்டின் வயதை வைத்துத்தான் முடிவெடுக்கிறார்கள். ஆனால் வயது இதற்கு அளவுகோலே ஆகாது. வெப்சைட்டுக்கு வந்தவர் எதற்காக வந்தாரோ அந்த வேலை முடிந்து போகிறாரா, பாதியில் திரும்பிவிடுகிறாரா என்பதை மட்டும் பார்த்தால் போதும்.

இறால் ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு மீன், இறால் அனுப்ப வேண்டுமானால், அந்தப் பதப்படுத்தும் ஆலை அங்கே ஏற்கப்பட்ட ஆலைகளின் பட்டியலில் இருந்தாக வேண்டும். அதனால் அங்கிருந்து பார்க்கும் வியாபாரிக்கு அலைகள் புரளும் முகப்புப் படமோ, நிறுவனர் மாலையோடு நிற்கும் படமோ முக்கியமில்லை. ஆலையின் அங்கீகார எண், என்னென்ன ரகம், எந்த அளவு, எத்தனை கிலோ பேக்கிங், தரச் சான்றிதழ் எந்தத் தேதி வரை செல்லும் என்பதைத்தான் தேடுவார். சான்றிதழ் என்று சொடுக்கினால் ஐந்து வருடத்துக்கு முன் காலாவதியான ஒரு ஸ்கேன் திறக்கிறது என்று வையுங்கள். ஆள் அங்கேயே கழன்றுவிடுவார். இதற்காக வெப்சைட்டை இடித்துக் கட்ட வேண்டுமா? வேண்டாம். புதுச் சான்றிதழை ஏற்றுவது கால் மணி நேர வேலை. ஆனால் அந்தக் கால் மணி நேர வேலையைச் செய்ய ஆபீஸில் ஒருவராலும் முடியவில்லை, கட்டிக் கொடுத்தவர் எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை, பாஸ்வேர்டும் யாரிடமும் இல்லை என்றால் கதை வேறு. தன் சொந்த விவரத்தைத் தானே திருத்த முடியாத வெப்சைட் எவ்வளவு அழகாக இருந்தாலும் மாற்றியே ஆக வேண்டும். உள்ளே எழுதியிருப்பது பழையதா, கட்டுமானமே பழுதா என்று முதலில் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பெரும் செலவு மிச்சமாகும்.

கட்டுமானம் பழுதாவது நம் கையில் மட்டும் இல்லை. வெப்சைட் நின்ற இடத்திலேயே நிற்க, வெளியுலகம் நகர்ந்துவிடுகிறது. ஃபிளாஷில் செய்த அசையும் முகப்புகள் 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு வெறும் காலிக் கட்டங்களாகிவிட்டன. 2018 ஜூலையிலிருந்து, பாதுகாப்புச் சான்று இல்லாத தளங்களை ‘பாதுகாப்பானது அல்ல’ என்று குரோம் உலாவி காட்டத் தொடங்கியது. 2024 ஜூலையில் கூகுள் இன்னும் ஒரு படி மேலே போனது. செல்போனில் திறக்கவே முடியாத தளங்களைத் தன் தேடல் பட்டியலில் சேர்ப்பதை நிறுத்தியது. தமிழில் பக்கம் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த பக்கத்தை அந்த எழுத்துரு இல்லாத செல்போனில் திறந்தால், ஆங்கில எழுத்துகள் குவிந்து கிடப்பதுபோலத் தெரியும். எந்தக் கருவியிலும் தமிழைத் தமிழாகவே காட்டும் யூனிகோடைத் தமிழக அரசே 2010-இல் ஏற்றுக்கொண்டுவிட்டது. அதற்குப் பிறகும் அப்படியே கிடக்கும் பக்கத்தைத் தமிழ்ப் பக்கம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தொழிலும் ஊரும் மாறுவது அடுத்த காரணம். 1974-இல் பெருந்துறைமுகமான தூத்துக்குடித் துறைமுகம், 2011-இல் வ.உ.சிதம்பரனார் பெயரைப் பெற்றது. 2021-இன் பெருந்துறைமுக ஆணையங்கள் சட்டத்துக்குப் பின் ‘போர்ட் டிரஸ்ட்’ போய் ‘போர்ட் அத்தாரிட்டி’ வந்தது. 2024 செப்டம்பரில் புதிய கன்டெய்னர் முனையம் திறக்கப்பட்டது. 2025 ஆகஸ்டில் வியட்நாமின் வின்ஃபாஸ்ட் மின்கார் ஆலை திறந்தது. இன்னும் ‘டூட்டிகோரின் போர்ட் டிரஸ்ட்’ என்றே எழுதி வைத்திருக்கும் ஏஜென்ட் இரண்டு சொல்லைத் திருத்தினால் போதும். ஆனால் முன்பு உப்பு மட்டும் ஏற்றிய இன்னொருவர் இன்று கிடங்கு, குளிர்பதனம், சுங்க வேலை என்று நான்கு தொழில் பார்க்கிறார். அவருடைய வெப்சைட்டோ உப்பு வாங்குபவரை மட்டும் மனத்தில் வைத்துக் கட்டியது. ஊருக்குப் புதிதாக வந்து கிடங்கு தேடும் ஒரு கம்பெனிக்கு அங்கே நுழைய வழியே இல்லை. இங்கே ஒட்டுப்போட்டுச் சமாளிக்க முடியாது. முழுதாக மாற்றிக் கட்டும் நேரம் இதுதான்.

இதை ஊகத்தில் முடிவு செய்யக் கூடாது என்பதற்கு இந்தக் கடற்கரையே சாட்சி. முத்துக் குளிக்கும் சலாபம் நடந்த காலத்தில் யாரும் நினைத்த நாளில் கடலில் குதிக்கவில்லை. முத்துச் சிப்பி விளையும் கடலடிப் பார்களில் மாதிரிக்குச் சிப்பிகளை எடுத்து, அழுகவைத்து, கழுவி, கிடைத்த முத்துக்களை மதிப்பிடுவார்கள். மதிப்பு தேறினால்தான் சலாபத்துக்கு நாள் குறிப்பார்கள். இளஞ்சிப்பியில் முத்து தேறாது. காத்துக்கொண்டே இருந்தால் சிப்பி பாரிலேயே மடிந்துவிடும். முந்தினாலும் நட்டம், பிந்தினாலும் நட்டம் என்ற நிலையில் அவர்கள் கண்ட வழி மாதிரி எடுத்துப் பார்ப்பது. 1961-க்குப் பிறகு இங்கே பெரிய சலாபம் நடக்கவில்லை. ஆனாலும் அந்த முறையில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. வெப்சைட்டுக்கும் மாதிரி எடுக்கலாம், பெரிய செலவில்லை. தளத்தைப் பார்த்திராத நான்கைந்து பேரிடம் ஒரு செல்போனைக் கொடுத்து, “இவர்களிடம் ஒரு கன்டெய்னர் உப்புக்கு விலை கேளுங்கள்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். எங்கே திணறுகிறார்கள் என்பது அங்கேயே தெரிந்துவிடும். கூகுளின் இலவச வேகச் சோதனையில் முகவரியைக் கொடுத்தால், முக்கியப் பகுதி தெரிய எத்தனை நொடி ஆகிறது என்று சொல்லும். இரண்டரை நொடிக்குள் இருந்தால் நல்லது. வருகைக் கணக்கையும் பாருங்கள். பழைய கூகுள் அனலிட்டிக்ஸ் 2023 ஜூலை 1-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. அதற்குப் பின் உங்கள் கணக்கில் ஒரு எண்ணும் ஏறவில்லை என்றால், அன்றிலிருந்து உங்கள் ஆபீஸில் யாரும் அந்தக் கணக்கைத் திறந்தே பார்க்கவில்லை என்று பொருள்.

“புதுத் தோற்றமே ஒரு மரியாதைதானே, போட்டியாளர் மாற்றிவிட்டாரே” என்று கேட்பார்கள். தோற்றத்துக்கு மதிப்பில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் மாற்றத்துக்கே ஒரு விலை உண்டு. இங்கிலாந்தின் சில்லறை விற்பனை நிறுவனமான மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் 15 கோடி பவுண்டு செலவழித்து 2014 பிப்ரவரியில் புதிய தளத்தைத் திறந்தது. பழைய வாடிக்கையாளர்கள் திரும்பப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. அடுத்து வந்த காலாண்டில் இணைய விற்பனை 8.1 சதவீதம் விழுந்தது. நம் நாட்டில் வருமான வரித் துறையின் புதிய தளம் 2021 ஜூன் 7 அன்று வந்தபோது மக்களும் ஆடிட்டர்களும் பட்ட பாடு பலருக்கும் நினைவிருக்கும். கணக்குத் தாக்கல் செய்யும் கெடுவையே டிசம்பர் 31 வரை தள்ளிவைக்க வேண்டி வந்தது. அவ்வளவு பணமும் ஆளும் உள்ளவர்களுக்கே இந்த நிலை என்றால், இரண்டு பேர் இருக்கும் ஷிப்பிங் ஆபீஸ் அலுப்புத் தட்டியதற்காக வெப்சைட்டை மாற்றுவது வீண் ஆபத்து.

“எங்களுக்கு எல்லாமே வாட்ஸ்அப்பில்தான், வெப்சைட்டே தேவையில்லை” என்பது இதைவிட வலுவான மறுப்பு. தெரிந்த வாடிக்கையாளர் விஷயத்தில் அது உண்மைதான். புதியவர் அப்படி வருவதில்லை. ஒரு நம்பர் கிடைத்ததும் அது நிஜக் கம்பெனிதானா என்று தேடிப் பார்த்த பிறகுதான் முன்பணம் அனுப்பத் துணிவார். இணையத் துணிக்கடையான மிந்த்ரா 2015 மே மாதம் வெப்சைட்டை மூடிவிட்டு ஆப் மட்டும் போதும் என்று இறங்கியது. அடுத்த ஆண்டே முதலில் செல்போன் தளத்தையும் பிறகு கணினித் தளத்தையும் திரும்பத் திறக்க வேண்டியதாயிற்று. வாடிக்கையாளர் எந்த வாசல் வழியாக வருவார் என்பதை நாம் தீர்மானிக்க முடியாது.

மாதிரி எடுத்துப் பார்த்து, மாற்றத்தான் வேண்டும் என்று முடிவானால், டிசைனரிடம் நிறத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் பேச வேண்டியவை சில உண்டு. டொமைன் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறதா, அல்லது முதலில் கட்டிக் கொடுத்தவர் பெயரிலா என்று பார்க்க வேண்டும். அவர் பெயரில் இருந்தால் அதை மாற்றி எழுதாமல் ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்கக் கூடாது. அடுத்து, பழைய தளத்தின் ஒவ்வொரு பக்க முகவரியையும் பட்டியல் எடுத்து, ஒவ்வொன்றும் புதிய தளத்தின் எந்தப் பக்கத்துக்குத் திரும்ப வேண்டும் என்று எழுதி ஒப்பந்தத்தோடு இணைக்க வேண்டும். எட்டு வருடத்துக்கு முன் உங்கள் உப்பு ரகப் பக்கத்தைக் குறித்து வைத்த ஒரு வியாபாரி இந்தப் பருவத்தில் அதை மறுபடி திறக்கக்கூடும். அவருக்கு ‘பக்கம் இல்லை’ என்ற அறிவிப்பு வராமல் உப்பின் விலை விசாரிக்கும் இடம் நேராகத் திறக்க வேண்டும்.