உங்களுக்குத் தெரியுமா? தோள்பட்டையைப் பிடித்திருக்கும் 17 தசைகள்

★ திருமுருகன்பூண்டியில் கல் செதுக்கும் சிற்பிக்கும், பனியன் கம்பெனியில் ஓவர்லாக் ஓட்டும் டெய்லருக்கும் சாயங்காலம் வலிப்பது பெரும்பாலும் ஒரே இடம்தான்: முதுகின் மேல்புறம் முக்கோணமாக இருக்கும் தோள்பட்டை எலும்பைச் சுற்றி. அந்த ஒரு எலும்பில் 17 தசைகள் வந்து சேர்கின்றன.

★ உடம்போடு அதற்கு எலும்புத் தொடர்பு முன்பக்கக் காறை எலும்பு வழியாக மட்டுமே. பின்னால் 2 முதல் 7 வரையிலான விலா எலும்புகளின் மேல், மூட்டு எதுவும் இல்லாமல் தசைகளின் பிடியிலேயே நகர்கிறது.

★ நம் மாவட்டத்துக் காங்கேயம் காளைக்குக் காறை எலும்பே கிடையாது! முன்னங்கால்கள் உடம்போடு சேர்ந்திருப்பது முழுக்கத் தசைகளால்தான். கம்பீரமான அந்தத் திமிலிலும் எலும்பு இல்லை. ராம்பாய்டு என்ற தசையும் கொழுப்பும்தான். முதுகெலும்புக்கும் தோள்பட்டைக்கும் நடுவே நமக்கும் அதே தசை உண்டு, தட்டையாக.

★ கையைத் தலைக்கு மேல் நேராகத் தூக்கும் 180 டிகிரியில், தோள்மூட்டின் பங்கு சுமார் 120. மீதி 60, தோள்பட்டை எலும்பு சுழன்று தருவது. 1944-இல் ஆய்வாளர் இன்மன் குழுவினர் வெளியிட்ட கணக்கு இது. தூக்கத் தொடங்கும்போது உதவும் சுப்ராஸ்பைனேட்டஸ் தசையின் நாண், குறுகலான எலும்பு வளைவின் அடியில் போகிறது. உயரமான சிலையில் கை தூக்கியபடியே நாள்கணக்கில் வேலை செய்தால் அந்த நாண் உரசி நையக்கூடும்.

★ அயர்ன் பெட்டியை மேசையில் முன்னோக்கித் தள்ளும்போது உழைப்பது செரட்டஸ் ஆன்டீரியர். அதற்கான நரம்பு விலாப்புறத்தில் தோலுக்குச் சற்று அடியிலேயே இறங்குகிறது. கனத்த சுமை தோளில் அழுத்தி அந்த நரம்பு பாதித்தால், சுவரைத் தள்ளும்போது தோள்பட்டை இறக்கை மாதிரி புடைத்து நிற்கும்.

★ தைப்பவரின் கண் ஊசியைவிட்டு விலகாது. தலை குனிந்தே இருக்கும். ஏறக்குறைய 5 கிலோ தலையைப் பின்னாலிருந்து பிடித்திருப்பவற்றில் ட்ரபீசியஸும், கழுத்தின் மேல் 4 எலும்புகளிலிருந்து தோள்பட்டையின் மேல் மூலைக்கு இறங்கும் லெவேட்டர் ஸ்காபுலேயும் முக்கியமானவை. அசையாமல் இறுகியே இருக்கும் தசைக்கு ரத்த ஓட்டம் குறைகிறது. ஓடியாடும் வேலையைவிட உட்கார்ந்த வேலையில் கழுத்து பிடித்துக்கொள்ள இது பெரிய காரணம். ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவருக்குக் கேட்கவே வேண்டாம்.

★ தோள்பட்டையில் தொடங்கும் ஓமோஹையாய்டு என்ற தசை, தொண்டையில் நாக்குக்கு அடியிலுள்ள எலும்பு வரை போகிறது.

★ தோள்பட்டை வலி எல்லாமே தசை வலி அல்ல. பித்தப்பைக் கல்லின் வலி வலது தோள்பட்டைக்கு அடியில் தெரியலாம். நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத் திணறலோடு முதுகிலோ தோளிலோ வலித்தால், தைலம் தேய்த்துக்கொண்டு காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

★ கம்பெனி நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தைப்பவரின் உயரத்துக்கு ஏற்ப ஏற்றி இறக்கும், முதுகு சாயும் நாற்காலி கொடுங்கள். மணிக்கு ஒருமுறை எழுந்து தோளைச் சுழற்ற 2 நிமிடம் விடுங்கள்.