முதலில் காற்று, பிறகு ஏர்பிரஷ்

டீ வருவதற்குள் தம்பி செல்போனை என் பக்கம் நீட்டினான். சற்று முன் வேடந்தாங்கல் கண்காணிப்புக் கோபுரத்திலிருந்து எடுத்த சங்குவளை நாரை. நீர்க்கடம்பு மரத்தின் உச்சியில், முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. அடுத்த படம் அவன் வீட்டு மேசையில் எடுத்தது. அதே நாரை, தெர்மாகோலில் செதுக்கி, மேலே எம்-சீல் பூசித் தேய்த்து, ஆறில் ஒரு பங்கு அளவில். உருவம் அருமை. நிறம்தான் கெட்டுவிட்டது.

“இந்த ரோஸ் மட்டும் வரமாட்டேங்குது அண்ணே. ஏர்பிரஷ் வாங்கலாம்னு இருக்கேன். எது வாங்கட்டும்?”

அவன் தடுமாறும் இடம் எனக்குத் தெரிந்தது. வாலை ஒட்டி விழும் உட்சிறகுகளில் ஒரு ரோஸ் படர்ந்திருக்கும். அது எங்கே தொடங்கி எங்கே வெள்ளையாகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. சாதாரண பிரஷ் எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் நிறம் முடிகிற இடத்தில் ஓர் ஓரம் விழும். ஏர்பிரஷ்ஷில் அந்த ஓரம் இல்லை, பெயிண்ட் புகையாகப் போய் உட்காருகிறது. ஆக, ஆசை நியாயமானதுதான். ஆனால் எந்த பிராண்டு என்று தொடங்கினால் பணம் போகும். எதற்கு, எந்த ஊர்க் காற்றில் என்று தொடங்கலாம், தம்பி.

எதற்கு என்பதை ஒரு கணக்கு போட்டால் புரிந்துவிடும். சங்குவளை நாரை நின்றால் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஆறில் ஒரு பங்கு என்றால் 16 செ.மீ. உன் மாடலில் நிறம் 1 மி.மீ. பிசிறினால் அது நிஜப் பறவையில் 6 மி.மீ. பிசிறுவதற்குச் சமம். இறகில் அது இயல்பாகவே இருக்கும், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். இப்போது ஒரு நேட் போர் விமானத்தை எடுத்துக்கொள். 1965 போரில் பேர் வாங்கியதே, அது. அதன் நீளம் 9 மீட்டருக்குள்தான். 1/72 அளவில் செய்தால் 12 செ.மீ. வரும். உன் நாரையைவிடச் சின்னது. அதில் 1 மி.மீ. பிசிறு என்பது நிஜத்தில் 7 செ.மீ. விமானத்தின் இரண்டு நிறம் சேருகிற கோட்டில் 7 செ.மீ. கலங்கலாக இருந்தால் பார்த்தவுடன் பொம்மை என்று தெரிந்துவிடும். அதனால் விமான மாடல்காரர்கள் நாசிலில், அதாவது பெயிண்ட் வெளிவரும் முனையில், 0.2 மி.மீ. துளையைத் தேடுகிறார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டுவிட்டு நாரைக்கு 0.2 வாங்கினால், அடைப்பு எடுப்பதே உன் வேலையாகிவிடும்.

உனக்கு 0.3 போதும். 0.35 என்று எழுதியிருந்தாலும் சரி. அடிப்பூச்சும் வார்னிஷும் 0.5-இல் சுலபம், ஆனால் அதற்கென்று இன்னொன்று இப்போது வேண்டாம். கூழைக்கடா செய்யத் தொடங்கினால் பார்த்துக்கொள்ளலாம், அதன் உடம்புக்கு நிறையப் பெயிண்ட் வேண்டும்.

அடுத்தது விசை. ஒற்றைச் செயல் ஏர்பிரஷ்ஷில் விசையை அழுத்தினால் காற்று வரும். பெயிண்ட் எவ்வளவு என்பதை ஒரு திருகை வைத்து முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். இரட்டைச் செயலில் கீழே அழுத்தினால் காற்று, பின்னால் இழுத்தால் பெயிண்ட். இழுக்க இழுக்க ஊசி பின்வாங்கி நாசிலின் வாய் திறக்கிறது. ரோஸ் கரைந்து வெள்ளையாக வேண்டுமென்றால் கை நகரும்போதே பெயிண்டைக் குறைத்துக்கொண்டே வரவேண்டும். ஒற்றைச் செயலில் அது நடக்காது. பழக்கத்துக்கு முதலில் ஒற்றைச் செயல், பிறகு இரட்டை என்று சிலர் படி வைத்துச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. விரலுக்கு இரண்டு முறை பாடம் எதற்கு?

பெயிண்ட் கிண்ணம் மேலே இருப்பதாக வாங்கு. பெயிண்ட் தானாக இறங்கும், குறைந்த காற்றே போதும், பத்துச் சொட்டு ஊற்றினாலும் வேலை நடக்கும். கீழே புட்டி தொங்கும் வகையில் காற்று பெயிண்டை உறிஞ்சி ஏற்ற வேண்டும். அதற்கு அழுத்தம் கூடுதலாக வேண்டும். ஒரே நிறத்தை நிறைய அடிப்பவர்களுக்கு அது நல்லது.

“மதுராந்தகத்துல பைக் பெயிண்ட் அடிக்கிற கடையில ஒரு பழைய ஸ்ப்ரே கன் சும்மா தர்றேன்னாங்க அண்ணே.”

வேண்டாம். அதன் நாசில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இருக்கும். பைக் டேங்க்குக்குச் சரி. நாரை மேல் அடித்தால் ரோஸ் நாரைக்கும் கிடைக்கும், சுவருக்கும் கிடைக்கும்.

இனி ஊர்க் காற்று. கையில் பிடிக்கிற கருவியைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவோம். அதற்குள் காற்றை அனுப்புகிற பெட்டியைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. கையிலிருக்கும் பணத்தில் பெரும்பங்கு கம்ப்ரசருக்குப் போகட்டும் என்பேன். சுமாரான ஏர்பிரஷ்ஷும் நல்ல காற்றும் சேர்ந்தால் வேலை ஓடும். உயர்ந்த ஏர்பிரஷ்ஷுக்கு மோசமான காற்று கொடுத்தால் ஓடாது.

டேங்க் இல்லாத சின்ன கம்ப்ரசர் பிஸ்டன் அடிக்க அடிக்கக் காற்றை விட்டுவிட்டுத் தள்ளும், மெல்லிய கோட்டில் அந்தத் துடிப்பு தெரியும். மூன்று லிட்டர் டேங்க் இருந்தாலே காற்று சீராகிவிடும். அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்க ரெகுலேட்டரும் மீட்டரும் கட்டாயம் வேண்டும். ரோஸ் கரைக்கிற வேலைக்கு 15 முதல் 20 பி.எஸ்.ஐ., வெள்ளை அடிப்பூச்சுக்கு 25 வரை. இப்போது பேட்டரியோடு கைக்குள் அடங்கும் கருவிகள் வருகின்றன. பலவற்றில் அழுத்தத்தை நம் விருப்பத்துக்கு மாற்ற வழியில்லை, அதனால் எனக்கு அவற்றில் மனம் போவதில்லை. கார் டயரில் காற்று பிடித்துவந்து அதிலிருந்து குழாய் எடுப்பதும் ஒரு பழைய வழி. சத்தமே இருக்காது. ஆனால் அடிக்க அடிக்க அழுத்தம் இறங்கிக்கொண்டே போகும், சில நிமிடங்களில் மறுபடியும் பஞ்சர் கடைக்கு நடக்க வேண்டும்.

ஈரம்தான் இங்கே பெரிய தலைவலி. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை ஏரியை நிரப்புகிறது, பறவையும் வருகிறது. உனக்கு மாடல் செய்யக் கை துறுதுறுப்பதும் அப்போதுதான். காற்றில் ஈரம் உச்சத்தில் இருப்பதும் அப்போதுதான். ஈரக் காற்றை அமுக்கும்போது அது சூடாகிறது. குழாயில் வரவரக் குளிர்கிறது. குளிர்ந்ததும் தண்ணீர் துளியாகிவிடுகிறது. முக்கால்வாசி வேலை முடிந்திருக்கும்போது நாசிலிலிருந்து ஒரு சொட்டு தண்ணீர் தெறித்து ரோஸைக் கழுவிவிடும். கம்ப்ரசரோடு வரும் ஈரப்பொறி போதாது. அங்கே காற்று இன்னும் சூடாக இருப்பதால் ஈரம் ஆவியாகவே தாண்டிப் போய்விடும். நீளமான குழாய் போட்டு, ஏர்பிரஷ்ஷின் அடியிலேயே சின்ன பொறி ஒன்று மாட்டு. வேலை முடிந்ததும் டேங்க்கின் அடித்திருகைத் திறந்து தண்ணீரை வடித்துவிடு, இல்லாவிட்டால் உள்ளே துருப்பிடிக்கும். மாமல்லபுரம், கோவளம் பக்கம் உப்புக் காற்றில் இருப்பவர்கள் வெளிப்பக்கத்தையும் துடைத்து வைக்க வேண்டும்.

சித்திரை வெயிலில் கதை தலைகீழ். பெயிண்ட் பறவையைத் தொடுமுன்பே காற்றில் காய்ந்து, மேலே தூள் படிந்தது போலச் சொரசொரப்பாகும். நாசில் முனையிலும் காய்ந்து அடைக்கும். உலர்வதைத் தாமதப்படுத்தும் திரவம் இரண்டு சொட்டு கலந்தால் சரியாகும். விடியற்காலையில் வேலை செய்தால் அதுகூட வேண்டாம்.

பெயிண்ட் தண்ணீரில் கரையும் அக்ரிலிக்காக இருக்கட்டும். பால் பதத்துக்குக் கரைத்துக்கொள். கைவினைக் கடையில் கிடைக்கும் அக்ரிலிக் கெட்டியானது. கரைத்த பிறகு நைலான் துணியில் வடிகட்டினால் கட்டி நிற்கும். பெயிண்டை வெறும் தண்ணீரால் நீர்க்க விட்டால் நிறம் ஒட்டாமல் சிலந்திக்கால் போல ஓடும். அக்ரிலிக் மீடியமும் சேர்க்க வேண்டும். பைக் கடையில் மிச்சமாகும் டியூக்கோ பெயிண்டையும் என்.சி. தின்னரையும் வீட்டுக்குக் கொண்டுவராதே. எம்-சீலில் எங்காவது ஊசித்துளை இருந்தால் போதும், தின்னர் உள்ளே இறங்கி தெர்மாகோலைத் தின்றுவிடும். பிளாஸ்டிக் விமான கிட்டும் அதே ஜாதிதான், பாலிஸ்டைரின். மழைநாளில் அந்தப் பெயிண்டுக்கு இன்னொரு குணமும் உண்டு. தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும், பளபளப்பு போய் வெள்ளைப் படலம் படியும்.

வாங்கும்போது கடைக்காரரிடம் இரண்டு கேள்வி கேள். நாசிலும் ஊசியும் தனியாகக் கிடைக்குமா? உள்ளே இருக்கும் வளையங்கள் ரப்பரா, டெஃப்லானா? ஊசி ஒருமுறை கீழே விழுந்தால் முனை வளையும், வளைந்தால் பெயிண்ட் ஒரு பக்கமாகத் தெறிக்கும். சின்னத் திருகு நாசிலை அளவுக்கு மீறி இறுக்கினால் அதன் மரை உடையும். ஜப்பானின் இவாட்டா, ஜெர்மனியின் ஹார்டர் அண்ட் ஸ்டீன்பெக் விலை அதிகம்தான், ஆனால் உதிரிபாகம் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கலாம். பெயரில்லாத மலிவுக் கருவியில் உதிரிபாகம் பொருந்துவது அதிர்ஷ்டம். ரப்பர் வளையம் கடுமையான தின்னரில் ஊதிப்போகும்; டெஃப்லான் தாங்கும்.

“முதல்ல மலிவா ஒண்ணு வாங்கிப் பழகட்டுமா?”

பழகலாம். ஆனால் கோடு சரியாக வரவில்லை என்றால் தப்பு கையிலா கருவியிலா என்று உனக்குத் தெரியாமல் போகும். நடுத்தர விலையில் ஒன்று வாங்கினால் அந்தச் சந்தேகம் இருக்காது.

பழகுவதற்கு நாரை வேண்டாம், பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கம் போதும். முதலில் காற்று, பிறகு பெயிண்ட். முடிக்கும்போது முதலில் பெயிண்டை நிறுத்து, காற்று கடைசி. இந்த வரிசை விரலில் ஏறினால் புள்ளி தெறிப்பது நின்றுவிடும். நாரைக்கு வரும்போது வெள்ளை காய்ந்த பிறகு ரோஸை மிகவும் நீர்க்கக் கலந்து, வாலுக்கு அருகிலிருந்து முதுகை நோக்கி, பட்டும் படாமல் பல முறை அடி. ஒரே முறையில் நிறம் காட்ட முயன்றால் ஓடிவிடும். மஞ்சள் அலகு, செம்மஞ்சள் முகம், கண், மார்பின் குறுக்கே ஓடும் கரும்பட்டை எல்லாம் சாதாரண பிரஷ்ஷிலேயே செய். அங்கே ஓரம் கூர்மையாகத்தான் இருக்க வேண்டும்.

முகமூடியையும் கம்ப்ரசரோடு சேர்த்தே வாங்கிவிடு. தண்ணீர் பெயிண்ட்தானே என்று விடாதே, அதன் துளி நுரையீரல்வரை போகிற அளவுக்கு நுண்ணியது. அக்ரிலிக்குக்குத் துகள் தடுக்கும் என்95 ரகமும் திறந்த ஜன்னலும் போதும். என்றைக்காவது டியூக்கோ போன்ற லாக்கர் பெயிண்ட் பக்கம் போனால் கரைப்பான் ஆவியைப் பிடிக்கும் கார்பன் வடிகட்டி வைத்த முகமூடி தனியாக வாங்க வேண்டும். துணி முகமூடி இரண்டுக்கும் உதவாது.