தென்காசியில் ஏழு முறை: டாக்டர் கிருஷ்ணசாமிக்கு எட்டாத வெற்றி

தென்காசித் தொகுதியில் உள்ள புளியங்குடியில் மக்களவைத் தேர்தல் பேச்சு தொடங்கினால் முதலில் வருவது கூட்டணிக் கணக்குதான்: டாக்டர் இந்தத் தடவை எந்தப் பக்கம்? புதிய தமிழகம் கட்சித் தலைவர் டாக்டர் க. கிருஷ்ணசாமி 1998 முதல் 2024 வரை தென்காசியில் நடந்த ஏழு மக்களவைத் தேர்தல்களிலும் நின்றார். ஏழிலும் தோற்றார். ஒட்டப்பிடாரம் சட்டமன்றத் தொகுதியில் 1996, 2011 என இரண்டு முறை வென்றவருக்குத் தென்காசி மட்டும் ஏன் கைகூடவில்லை?

தென்காசி தனித்தொகுதி. நிற்பவர் பட்டியல் சாதியினராக இருக்க வேண்டும்; ஓட்டுப் போடுவதோ எல்லாரும். 1932 பூனா ஒப்பந்தத்திலிருந்து தொடரும் ஏற்பாடு இது. ஆகவே சொந்தச் சமூகத்தின் ஆதரவு எவ்வளவு திரண்டாலும், மற்றவர்களின் வாக்கும் விழாமல் கரை சேர முடியாது. தேவேந்திரகுல வேளாளர் ஊர்களில் கிருஷ்ணசாமிக்கு இருக்கும் பிடிப்பு உண்மையானது. பெரிய கட்சிகளின் துணையில்லாமல் நின்ற 2009இல்கூட 1,16,685 வாக்கு வாங்கினார். ஆனால் வென்ற இந்திய கம்யூனிஸ்ட் வேட்பாளர் பொ. லிங்கம் வாங்கியது 2,81,174.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் கூட்டணி. அங்கேதான் காலம் அவரைக் கைவிட்டது. 2014இல் திமுக அணியில் நின்றார். அந்த ஆண்டு தமிழ்நாட்டின் 39 இடங்களில் 37 அதிமுகவுக்குப் போயின. 2019இல் அதிமுக அணிக்கு மாறி இரட்டை இலையில் நின்று மூன்றரை லட்சம் வாக்கைத் தாண்டினார். அலை திமுக பக்கம் அடித்தது. 2024இலும் அதே இரட்டை இலை. திமுக அணி 39 இடங்களையும் அள்ளியது.

2024 முடிவைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். திமுகவின் ராணி ஸ்ரீகுமார் 4,25,679, கிருஷ்ணசாமி 2,29,480, பாஜகவின் தாமரைச் சின்னத்தில் நின்ற ஜான் பாண்டியன் 2,08,825. இரண்டாம், மூன்றாம் இடத்து வாக்குகளைக் கூட்டினால் வென்றவரைவிட 12,626 அதிகம். அதிமுகவும் பாஜகவும் பிரிந்ததால், ஒரே சமூகத்தின் இரு தலைவர்கள் எதிரெதிரே நின்றார்கள். இருவரின் வாக்கும் ஒருவருக்கே விழுந்திருக்கும் என்று சொல்லிவிட முடியாது. தாமரைக்குப் போட்ட எல்லாரும் இரட்டை இலைக்குப் போடமாட்டார்கள். ஆனால் போட்டி நெருக்கமாகியிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

நெருக்கமான போட்டியைத் தென்காசி முன்பே பார்த்திருக்கிறது. 1999இல் அதிமுகவின் எஸ். முருகேசன் பாஜக வேட்பாளரை வெறும் 887 வாக்கில் வென்றார். மூன்றாமிடத்தில் இருந்த கிருஷ்ணசாமியின் கையில் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். அவர் யாரோடு சேர்கிறார் என்பதை இரு பெரிய கட்சிகளும் கூர்ந்து பார்ப்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டியதில்லை.

இதில் எனக்கு வருத்தம் தருவது ஒன்றுண்டு. விலை சரியும் மாதங்களில் எலுமிச்சையை இருப்பு வைக்க ஒரு குளிர்பதனக் கிடங்கு வேண்டும் என்ற புளியங்குடி விவசாயியின் தேவை, இந்தக் கூட்டல் கழித்தலில் எங்கும் வருவதில்லை.

இனி அவரோ, அவரைப்போன்ற ஒரு சிறு கட்சித் தலைவரோ தென்காசியில் ஜெயிக்க வாய்ப்பு உண்டா? உண்டு, ஜெயிக்கிற அணியில் இடம் கிடைத்தால். 2011இல் அதிமுக அலையோடு நின்ற கிருஷ்ணசாமி ஒட்டப்பிடாரத்தில் வென்றார். 2016இல் அதே ஒட்டப்பிடாரத்தில் திமுக அணியில் நின்றார். 493 வாக்கில் தோற்றார்.