இடது காலின் விலை 45 சிப்பம்

மாருதி சுசூகி புதிய ஸ்விஃப்ட் காரை 2024 மே 9ஆம் தேதி வெளியிட்டபோது, விஎக்ஸ்ஐ ரகத்தில் கியர் வண்டியின் ஷோரூம் விலை 7,29,500 ரூபாய். அதே என்ஜின் போட்ட, கிளட்ச் மிதி இல்லாத ‘ஏஜிஎஸ்’ வண்டி 7,79,500. வித்தியாசம் 50,000. அடுத்த மாதம் 1ஆம் தேதியே நிறுவனம் தன் ஏஜிஎஸ் ரகங்களுக்கு 5,000 ரூபாய் குறைத்தது. ஆக 45,000.

தஞ்சாவூர்ப் பக்கம் இந்தத் தொகையை ரூபாயில் சொன்னால் பாதிதான் விளங்கும், நெல்லிலும் சொல்ல வேண்டும். 2025–26 பருவத்துக்குத் தமிழக அரசின் கொள்முதல் விலை, ஊக்கத்தொகையும் சேர்த்து, பொது ரகத்துக்குக் குவிண்டால் 2,500, சன்ன ரகத்துக்கு 2,545. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் பிடிக்கிற சிப்பம் 40 கிலோ. பொது ரகத்தில் ஒரு சிப்பம் சரியாக 1,000 ரூபாய். மனக்கணக்குப் போடுகிறவனுக்கு இதைவிட வசதியான ஆண்டு வாய்க்காது. கிளட்ச் மிதிக்காமல் இருக்க 45 சிப்பம், அதாவது 18 குவிண்டால். ஏக்கருக்கு 2 டன்னிலிருந்து 2.5 டன் கண்டால் நல்ல விளைச்சல் என்கிற ஊரில், ஏக்கருக்கு 3 மா என்ற பழைய கணக்கில், இது இரண்டு மாவுக்கு மேல், மூன்று மாவுக்குள் வருகிறது. உழவு, நடவு, உரம், அறுவடை எதையும் கழிக்காத கணக்கு. கழித்தால் எத்தனை மா என்று கேட்டால் விவசாயி சிரிப்பார்.

இந்த வித்தியாசம் ஏறியதா இறங்கியதா என்பது எதைக்கொண்டு அளக்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஏஜிஎஸ்ஸின் பொதுப்பெயர் ஏஎம்டி. மலிவு காருக்கு அது 2014 பிப்ரவரியில் செலெரியோவோடு வந்தது. அன்று எல்எக்ஸ்ஐ ரகத்தில் கியர் வண்டி 3.90 லட்சம், ஏஎம்டி வண்டி 4.29 லட்சம், வித்தியாசம் 39,000. 2013–14இல் பொது ரக நெல்லுக்கு மத்திய அரசின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 1,310. மாநில ஊக்கத்தொகையைச் சேர்க்காமல் சிப்பம் 524 ரூபாய். 39,000க்கு 74 சிப்பம் அளக்க வேண்டியிருந்தது. 2025–26இல் அதே மத்திய விலை 2,369, சிப்பம் 948. 45,000க்கு 47 சிப்பமும் கொஞ்சமும் போதும். ரூபாயில் 6,000 கூடியிருக்கிறது, நெல்லில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருக்கிறது. நெல் விலை ஏறியதைவிட டீசலும் உரமும் கூலியும் ஏறின என்று யாராவது குறுக்கிடுவார்கள். நியாயம்தான், ஆனால் அது வேறு பேரேடு.

இது ஏஎம்டிக்கு மட்டும். சிவிடி, டார்க் கன்வெர்ட்டர் என்று முழு ஆட்டோமேட்டிக் பக்கம் போனால் பெரிய கார்களில் வித்தியாசம் ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும். நூறு சிப்பத்துக்கு மேல் ஒரு மிதிக்காக அளப்பவர் டெல்டாவில் நெல்லை மட்டும் நம்பி இருப்பவராக இருக்க மாட்டார்.

“பெட்ரோலில் மிச்சமாகிவிடும்” என்பது விற்பனையாளர் தயாராக வைத்திருக்கும் பதில். பார்த்துவிடலாம். அதே ஸ்விஃப்டுக்குச் சான்றளித்த மைலேஜ் கியர் வண்டிக்கு லிட்டருக்கு 24.80 கி.மீ., ஏஜிஎஸ் வண்டிக்கு 25.75. சாலையில் இரண்டுமே இதைவிடக் குறைவாகத்தான் கொடுக்கும், ஆனாலும் ஒப்பிட இதுவே போதும். ஆண்டுக்கு 10,000 கி.மீ. ஓடினால் கியர் வண்டி குடிப்பது 403 லிட்டர், மற்றது 388. மிச்சம் 15 லிட்டர். பெட்ரோலை 100 ரூபாய் என்று வைத்தால் 1,500 ரூபாய். 45,000ஐ இப்படித் திரும்ப எடுக்க 30 ஆண்டு ஆகும். இங்கே பல வீடுகளில் கார் கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும்தான் வெளியே வரும். ஆண்டுக்கு 3,000 கி.மீ. ஓடுகிற அந்த வண்டிக்கு மிச்சம் நாலரை லிட்டர். 45,000 திரும்ப நூறு ஆண்டு பிடிக்கும்.

ஆகவே பெட்ரோல் பத்தியை அடித்துவிடலாம். கொடுக்கிற காசு இடது காலுக்கும் முழங்காலுக்கும்தான். அதன் கணக்கை ஒரு சாலையை வைத்துப் போட்டுப் பார்க்கலாம்.

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு சுமார் 13 கி.மீ. பழைய சாலையில் போனால் கரந்தையில் வடவாறு, பள்ளியக்கிரகாரத்தில் வெண்ணாறு, அப்புறம் வெட்டாறு, குடமுருட்டி, கடைசியில் காவிரி. மேடு பள்ளமே இல்லாத சமவெளி என்று பெயர், ஆனால் ஆறு ஒவ்வொன்றுக்கும் ஒரு பாலம், பாலம் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஏற்றம். இறக்க ஒரு மிதி, மறுபடி ஏற்ற ஒரு மிதி. 5 பாலத்துக்கு 10. வேகத்தடை, பேருந்து நிறுத்தம், கடைத்தெரு, குறுக்கே வரும் ஆடு, சாலையின் ஒரு பாதியில் காயப்போட்ட நெல், எல்லாம் சேர்ந்தால் ஒரு வழிக்கு 50, 60 மிதிக்குக் குறையாது. திருச்சி நெடுஞ்சாலையில் டாப் கியரிலேயே போகிற ஓட்டத்தையும் கலந்து, தாராளமாகத் தள்ளுபடி கொடுத்து, கி.மீ.க்கு 3 மிதி என்று வைக்கிறேன். ஆண்டுக்கு 10,000 கி.மீ. ஓடுகிறவர் 30,000 தடவை மிதிக்கிறார், பத்து ஆண்டில் 3 லட்சம் தடவை. 45,000ஐ வகுத்தால் மிதிக்கு 15 பைசா. 3,000 கி.மீ. வீட்டுக்காரருக்கு 50 பைசா. முட்டி வலி உள்ளவருக்கு 15 பைசா கொள்ளை மலிவு. முப்பது வயதில், காலில் குறை ஏதும் இல்லாதவருக்கு 50 பைசா அதிகம் என்பது என் கட்சி.

வகுத்தலில் மாட்டாத ஒன்று இருக்கிறது. சம்பா அறுவடை முடிந்த மாதத்தில், வெட்டாற்றுப் பாலத்தின் ஏற்றத்தில், வைக்கோல் கட்டுகளைத் தலைக்கு மேல் அடுக்கிய டிரெய்லரோடு ஒரு டிராக்டர் முன்னால் போகும். எதிரே என்ன வருகிறது என்று தெரியாது. நான்காவதிலிருந்து மூன்று, மூன்றிலிருந்து இரண்டு. என்ஜின் முனகல் மாறுகிற இடத்தில் கால் தானாகப் பாதி தூக்கி நிற்கும், அதுதான் ஹாஃப் கிளட்ச். வண்டி முன்னும் போகாது, பின்னும் உருளாது. எதிர்ப்பக்கம் வழி கிடைத்ததும் இரண்டாவது கியரிலேயே ஒரே அழுத்து, வைக்கோலைத் தாண்டியதும் மூன்று. ஏஎம்டி வண்டி இந்த இடத்தில் ஒரு கணம் யோசிக்கும். மிதித்தபின் கியரை இறக்கி, தலையை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுத்தான் கிளம்பும். அந்த ஒரு கணம் பிடிக்காததால்தான் பழைய ஓட்டுநர்கள் “வண்டி நம்ம கையில இருக்கணும்” என்கிறார்கள். அதைப் பிடிவாதம் என்று நான் சொல்லமாட்டேன். மன்னார்குடிச் சாலையில் பஸ்ஸை முந்திப் பார்த்தவர்களுக்கு விளங்கும்.

அதே ஹாஃப் கிளட்ச் பாசத்துக்குப் பட்டறையில் ஒரு பில் உண்டு. பழக்கம் நல்லதாக இருந்தால் கிளட்ச் பிளேட் 60,000, 80,000 கி.மீ. தாங்கும். பாலத்தில் பிரேக் போடாமல் கிளட்சிலேயே வண்டியை நிறுத்திப் பழகியவருக்கு அதில் பாதிதான். சின்னக் காருக்குப் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் கூலியோடு எட்டாயிரம், பத்தாயிரம் ஆகும்: இன்றைய கணக்கில் எட்டு, பத்து சிப்பம். கியர்பாக்ஸை இறக்கி ஏற்றத் தெரிந்த மெக்கானிக் ஒரத்தநாட்டிலும் இருப்பார், பாபநாசத்திலும் இருப்பார்.

“ஆட்டோமேட்டிக்கில் அந்தச் செலவே இல்லை” என்று நினைப்பவர்கள் ஏமாறுகிறார்கள். ஏஎம்டியில் இருப்பதும் அதே கியர்பாக்ஸ், அதே கிளட்ச் பிளேட். மிதிக்கிற வேலையை மட்டும் காலுக்குப் பதிலாக ஆக்சுவேட்டர் செய்கிறது. பிளேட் தேயும், மாற்றவும் வேண்டும். மாற்றியபின் புதுப் பிளேட் எந்த இடத்தில் பிடிக்கிறது என்று கம்ப்யூட்டருக்கு ஸ்கேனர் வைத்துக் கற்றுக்கொடுக்க வேண்டும். ஆக்சுவேட்டரே போனால் பில் ஐந்து இலக்கத்துக்குக் குறையாது, வண்டியையும் டவுனுக்கு இழுத்துப்போக வேண்டும். பேட்டரி இறங்கிய கியர் வண்டியை நாலு பேர் தள்ளி, இரண்டாவது கியரில் கிளட்சை விட்டுக் கிளப்பிவிடலாம். மற்றதை எத்தனை பேர் தள்ளினாலும் கிளம்பாது. டெல்டாவில் கியர் வண்டி இன்னும் நிற்பதற்குப் பாசத்தைவிட இந்தப் பத்தி பெரிய காரணம்.

வாடகை வண்டிச் சந்தையைப் பார்த்தால் இது இன்னும் பளிச்சென்று தெரியும். டொயோட்டா 2022 கடைசியில் கொண்டுவந்த இன்னோவா ஹைகிராஸில் கிளட்ச் மிதியே கிடையாது, எல்லா ரகமும் ஆட்டோமேட்டிக். அதே நிறுவனம் 2023இல் பழைய கிரிஸ்டாவைத் திரும்ப இறக்கியது, டீசலில் மட்டும், 5 கியர் மேனுவலில் மட்டும். வீட்டுக்காரர் ஓட்ட ஒன்று, டிராவல்ஸ்காரர் ஓட்ட ஒன்று. மாருதியும் டாக்சிக்கென்றே விற்கிற டிசையர் டூர் எஸ் வண்டியில் கியர்தான் கொடுக்கிறது. முகூர்த்த நாளில் கும்பகோணம் மண்டப வாசலில் வரிசையாக நிற்கும் வெள்ளை இன்னோவாக்களின் உள்ளே எட்டிப் பாருங்கள், கியர் ராடின் தலையில் எண்கள் அழிந்துபோயிருக்கும்.

வீட்டுக்காரர் பக்கமோ கணக்கு வேகமாக மாறுகிறது. ஜாட்டோ டைனமிக்ஸ் என்ற ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி, நாட்டின் 20 பெரிய நகரங்களில் விற்ற கார்களில் ஆட்டோமேட்டிக் 2020இல் நூற்றுக்கு 16, 2024இல் 26. அந்த 20இல் தஞ்சாவூர் சேராது. ஆனால் சென்னையில் ஓட்டிப் பழகிய பிள்ளை பொங்கலுக்கு ஓட்டி வருகிற வண்டி அந்த 26இல் ஒன்று. அமெரிக்காவில் 1980இல் புதிய வண்டிகளில் நூற்றுக்கு 35 கியர் வண்டிகள் இருந்தன, இப்போது 2கூட இல்லை. மின்சார காருக்கு மாற்றுகிற கியரே கிடையாது. 2025 ஆகஸ்டில் வின்ஃபாஸ்ட் தொழிற்சாலை தூத்துக்குடியில் திறந்தபின், கியர் ராடு தேவைப்படாத கார் நம் மாநிலத்தின் தெற்கிலேயே உருவாகிறது.

இரண்டு சக்கரத்தில் இந்த மாற்றம் யாரும் புலம்பாமலே நடந்துவிட்டது. டிவிஎஸ் 50 வந்தது 1980இல். கியரும் இல்லை, மிதிக்கவோ பிடிக்கவோ கிளட்சும் இல்லை. விதை நெல், உர மூட்டை, பால் கேன், பள்ளிக்கூடப் பிள்ளை எல்லாவற்றையும் வரப்போரம் கொண்டுபோனது அதன் வாரிசான எக்ஸ்எல். 2023–24இல் நாட்டில் விற்ற சுமார் 1.8 கோடி இருசக்கர வாகனங்களில் ஸ்கூட்டர் 58 லட்சம், மொபெட் 4.8 லட்சம். நூற்றுக்கு 35 வண்டியில் கியர் மாற்றும் வேலை கிடையாது. பஜாஜ் சேத்தக்கின் இடது கைப்பிடியைத் திருகிக் கியர் போட்டவர்கள் இன்று ஆக்டிவாவில் போகிறார்கள். கைக்கு ஒரு நியாயம், காலுக்கு ஒரு நியாயமா என்று கேட்கத் தோன்றுகிறது.

சட்டமும் இரண்டு சக்கரத்துக்குத்தான் கணக்குப் பார்க்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் கியர் இல்லாத பைக்குக்குத் தனி உரிமம், கியர் பைக்குக்குத் தனி உரிமம். காருக்கு அந்தப் பிரிவினை இல்லை. சிங்கப்பூரில் கிளட்ச் மிதி இல்லாத காருக்கு 3ஏ, கியர் காருக்கு 3 என்று உரிமம் வேறு. பட்டுக்கோட்டை, மன்னார்குடிப் பக்கத்திலிருந்து போய் அங்கே 3ஏ வாங்கியவர் ஊருக்கு வந்தால் தம்பியின் கியர் காரைத் தொட யோசிப்பார், ஆக்டிங் டிரைவருக்குச் சொல்லிவிடுவார். ஒரு நாள் சம்பளம், பேட்டா, சாப்பாடு. பத்துப் பதினைந்து நாள் விடுமுறைக்கு அதுவும் சிப்பக் கணக்கில்தான் போய் நிற்கும்.

வயலுக்குள் கதை தலைகீழ். அறுவடைக் காலத்தில் ஆத்தூர், சேலம் பக்கத்திலிருந்து லாரியில் வந்து இறங்கும் பெல்ட் வகை அறுவடை இயந்திரங்களில் பரவலாக ஓடும் குபோட்டா டிசி-68ஜி, 68 குதிரைத்திறன். அதில் ஓட்டம் ஹைட்ரோஸ்டாட்டிக் முறை: ஒரு லீவரை முன்னே தள்ளினால் முன்னே போகும், பின்னே இழுத்தால் பின்னே வரும். நெல் சாய்ந்து கிடக்கிற இடத்தில் அங்குலம் அங்குலமாக நகர்த்தலாம். ஒரு ஏக்கரை ஒரு மணி நேரத்தில் முடிக்க, வரப்பு மூலைக்கு மூலை முன்னும் பின்னும் போய் வர வேண்டும். ஒவ்வொரு திருப்பத்துக்கும் கிளட்ச் மிதிக்க வேண்டியிருந்தால் அந்த ஏக்கர் ஒரு மணியில் முடியாது. கார் ஷோரூமில் ஆட்டோமேட்டிக் வேண்டாம் என்று தலையாட்டும் அதே விவசாயி, தன் வயலுக்கு அந்த இயந்திரத்தைத்தான் கேட்டு அழைக்கிறார். அங்கே மணிக்கு வாடகை ஓடுகிறது, தயக்கத்துக்கு நேரமில்லை.

டிராக்டர் இன்னும் மாறவில்லை. டாஃபேயின் மாஸி ஃபெர்குசன் 241, 42 குதிரைத்திறன், முன்னே 8 கியர், பின்னே 2. சேற்று உழவில் இரும்புச் சக்கரம் மாட்டி, ரோட்டவேட்டர் சுற்ற, தாழ்ந்த கியரில் நாள் முழுக்க ஓடும். வாசலில் ஏஜிஎஸ் கார், அதன் பக்கத்தில் ஆக்டிவா, வயலில் வாடகைக்கு வந்த ஹைட்ரோஸ்டாட்டிக் இயந்திரம் என்று இருக்கும் வீட்டில் இனி கிளட்ச் மிதி இருப்பது அந்த டிராக்டரில் மட்டும்தான். அதை மிதிக்கத் தெரிந்தவர் வீட்டில் பெரும்பாலும் ஒருவர், அவருக்கும் முட்டி வலி. மேட்டூர் அணை ஜூன் 12ஆம் தேதி திறந்தால் குறுவை உழவு தொடங்கிவிடும், அப்போது டிரைவர் கிடைக்க மாட்டார். மே மாதத்திலேயே சொல்லி வைப்பது நல்லது.