குழந்தையின் நெஞ்சில் முணுமுணுப்பா? எக்கோ எடுக்கத் தயங்காதீர்கள்!

திருநாவலூர் பக்கம் ஓர் அங்கன்வாடி என்று வைத்துக்கொள்ளுங்களேன். பரிசோதனைக்கு வந்த டாக்டர், உங்கள் குழந்தையின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கொஞ்சம் கூடுதல் நேரம் கேட்கிறார். "முணுமுணுப்பு மாதிரி ஒரு சத்தம் வருதும்மா, எக்கோ எடுத்துப் பார்த்துடலாம்" என்று சீட்டு எழுதித் தருகிறார்.

வீட்டுக்கு வந்தால் பாட்டி விடுவாரா? "நல்லாத்தானே ஓடியாடுது! பொம்பளைப் புள்ளைக்கு இதய நோய்னு பேரு வந்தா நாளைக்கு யாரு கட்டிக்குவா?" சீட்டு அலமாரிக்குள் போய்விடும். அங்கேதான் ஆபத்து!

முணுமுணுப்பு என்றாலே நோய் இல்லை. ஆரோக்கியமான பல குழந்தைகளுக்கும் வரும். ஆனால் எது வெறும் சத்தம், எது வால்வுக் கோளாறு என்று காதால் மட்டும் எப்போதும் பிரித்துவிட முடியாது.

'எப்ஸ்டைன்' கோளாறையே பாருங்கள். சுமார் 20,000 குழந்தைகளில் ஒன்றுக்கு வருவது. இதயத்தின் வலப்பக்க வால்வின் இதழ்கள் தம் இடத்தை விட்டுக் கீழே இறங்கி, சுவரோடு ஒட்டியிருக்கும். ரத்தம் பின்னோக்கிக் கசியும். கடுமையாக இருந்தால் பிறந்த சில நாளிலேயே உடம்பு நீலம் பாரிக்கும். லேசாக இருந்தால் வருஷக்கணக்கில் வெளியே தெரியாது. 1866-ல் ஜெர்மன் டாக்டர் எப்ஸ்டைன் இதைக் கண்டது, இறந்துபோன 19 வயதுத் தொழிலாளியின் உடலைத் திறந்து பார்த்தபோது. இன்று உங்கள் மடியில் இருக்கும் குழந்தைக்கே, வால்வு எத்தனை மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது என்று எக்கோவில் அளந்துவிடலாம்.

ஊசி கிடையாது, கதிர்வீச்சும் கிடையாது. நெஞ்சில் ஜெல் தடவி, காதுக்குக் கேட்காத ஒலி அலையை அனுப்பி, எதிரொலியைப் படமாக்குகிறார்கள். (1953-ல் ஸ்வீடனில் எட்லரும் ஹெர்ட்ஸும் இதைத் தொடங்கியது, உலோகத்தில் விரிசல் தேடும் கருவியைக் கடன் வாங்கித்தான்!) திரையில் சிவப்பும் நீலமும் ஓடினால் பதறாதீர்கள். நல்ல ரத்தம், கெட்ட ரத்தம் என்று அர்த்தமில்லை. கருவியை நோக்கி வருவது சிவப்பு, விலகிப் போவது நீலம், அவ்வளவுதான்.

குழந்தை அழுதால் படம் சரியாக வராது. பால் கொடுத்துத் தூங்க வைத்துக் கூட்டிப் போங்கள். குழந்தைகள் இதய மருத்துவர் பார்ப்பதே நல்லது; அபூர்வக் கோளாறுகள் பழகிய கண்ணுக்குத்தான் சட்டென்று பிடிபடும். கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரியுங்கள். புதுச்சேரி ஜிப்மரும் எட்டாத தூரமில்லை.

பால் குடிக்கும்போது வியர்த்துக் கொட்டுகிறதா, மூச்சு வாங்குகிறதா, உதடு நீலமாகிறதா? சீட்டுக்காகக் காத்திருக்காமல் உடனே ஓடுங்கள்.

எக்கோ ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள். அடுத்த முறை டாக்டர் அந்தப் பழைய மில்லிமீட்டர் கணக்கைத்தான் முதலில் கேட்பார்.