தார்ச்சாலைக்கும் ஒரு போர்வை

இருட்டோடு எழுந்து பெரட்டுக்குப் போகிறவர்களும், பள்ளி வேனுக்காக ஓரமாய் நிற்கும் பிள்ளைகளும், நடுநிசியில் பிரசவ வலியெடுத்த பெண்ணைப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறவர்களும் நம்பியிருப்பது ஒன்றைத்தான்: தோட்டத்திலிருந்து பெரிய ரோட்டுக்குப் போகும் அந்த ஒற்றைச் சாலை. அது நன்றாக இருக்கும் வரை அதைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. கல் பெயர்ந்து ஒரு மோட்டார் சைக்கிள் சறுக்கி விழுந்த பிறகுதான் நினைக்கிறோம்.

வீட்டுக் கூரையில் சிறு ஓட்டை விழுந்தால் அடுத்த மழைக்குள் அடைத்துவிடுகிறோம். சாலைக்கும் அப்படி ஒரு வைத்தியம் உண்டு. குழி விழுமுன் செய்ய வேண்டிய வைத்தியம் அது.

கல் தூவிய சாலை

தார்ச்சாலை எல்லாம் ஒரே வகை அல்ல. நெடுஞ்சாலைகளில் கல்லையும் தாரையும் ஆலையிலேயே கலந்து, கனமாகப் பரப்பி அழுத்துவார்கள். போக்குவரத்துக் குறைந்த உட்சாலைகளுக்கு அத்தனை செலவு தேவையில்லை. கெட்டிப்படுத்திய அடித்தளத்தின் மேல் தாரைத் தெளித்து, அது ஆறுமுன் ஒரே அளவான சரளைக்கல்லைத் தூவி, டயர் உருளையால் அழுத்திவிடுவார்கள். இதைத்தான் பொறியாளர்கள் ‘சிப் சீல்’ என்றும் ‘சர்பேஸ் டிரெஸ்ஸிங்’ என்றும் சொல்கிறார்கள். நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் நாட்டுப்புறத் தார்ச்சாலைகளில் பெரும்பகுதி இவ்வகைதான். ஆகவே இது ஏழைகளின் சாலை என்று எண்ண வேண்டாம்.

தார் என்று நாம் சொல்வது இந்நாளில் நிலக்கரியிலிருந்து வருவதல்ல. பெட்ரோலியத்தைச் சுத்திகரித்த பின் மிஞ்சும் பிட்டுமன் அது. அந்தத் தாரில் ஒவ்வொரு கல்லும் பாதிக்கு மேல் புதைந்திருக்க வேண்டும். 10 மில்லிமீட்டர் கல் என்றால் 5 முதல் 7 மில்லிமீட்டர் வரை உள்ளே இருக்க வேண்டும். ஈறு பற்களைப் பிடித்திருப்பதுபோல் தார் கல்லைப் பிடித்திருக்கிறது. ஈறு தேய்ந்தால் பல் ஆடும் அல்லவா? சாலைக்கும் அதே கதைதான்.

வெயிலும் மழையும்

புதுத் தார் கறுப்பாக, இழுத்தால் நீளும் தன்மையோடு இருக்கும். நம் நாட்டு வெயிலும் காற்றிலுள்ள பிராணவாயுவும் பட்டுப்பட்டு அது வறண்டு, சாம்பல் நிறமாகி, நொறுங்கும் தன்மை அடைகிறது. அப்புறம் லாரிச் சக்கரம் அழுத்தும்போது ஒரு கல் பெயரும். அது இருந்த இடத்தில் தண்ணீர் நிற்கும். தண்ணீர் மெல்ல அடித்தளத்துக்குள் இறங்கி மண்ணைக் குழைக்கும். குழைந்த மண்ணின் மேல் பாரம் ஏற்றிய லாரி போனால் சாலை அமுங்கி வெடிக்கும். அடுத்த மழைக்காலத்தில் அங்கே குழி இருக்கும். நம் கண்ணுக்குக் குழிதான் தெரிகிறது. நோயோ என்றோ வந்துவிட்டது.

பால் தெரிந்தவர்களுக்குப் பாடம் எளிது

இந்த நோயைத் தடுக்கப் பூசும் மேற்பூச்சுக்கு ‘ஃபாக் சீல்’ என்று பெயர். பனிமூட்டம்போல் மெல்லிய தூவானமாகத் தெளிப்பதால் அந்தப் பெயர். இதில் புதிதாகக் கல் தூவுவதில்லை.

தெளிக்கும் பொருள் என்ன என்பதை ரப்பர் மரம் வெட்டியவர்களுக்கு விளக்குவது சுலபம். மங்கில் வடியும் பால், தண்ணீரில் மிதக்கும் ரப்பர்த் துளிகள்தானே? அமோனியா சேர்த்தால் உறையாமல் இருக்கிறது. ஆசிட் ஊற்றினால் துளிகள் ஒன்றுகூடிக் கட்டியாகிறது. அதேபோலத் தாரையும் நுண்துளிகளாக்கித் தண்ணீரில் மிதக்க விடுகிறார்கள். துளிகள் ஒட்டிக்கொள்ளாமலிருக்க ஒரு மருந்து சேர்க்கிறார்கள். இதற்கு எமல்ஷன் என்று பெயர். நாம் தார்ப்பால் என்று சொல்லலாம். அதில் சுமார் 60 பங்கு தார், 40 பங்கு தண்ணீர். பெரும்பாலும் அதே அளவு தண்ணீரை மீண்டும் கலந்து நீர்க்க வைத்துத் தெளிப்பார்கள்.

தெளிக்கும்போது அது பழுப்பு நிறமாக இருக்கும். சற்று நேரத்தில் தண்ணீர் பிரிந்து கறுப்பாகிவிடும். பால் உறைவதுபோல் தாரும் உறைகிறது. அந்தத் தார் கல்லிடுக்கில் இறங்கி, ஆடுகிற கல்லைப் பிடிக்கிறது; நுண்ணிய வெடிப்புகளை மூடுகிறது; வறண்ட பழைய தாருக்கு வெயில் படாத போர்வையாகிறது.

ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் அரை லிட்டர் போதும். 5 மீட்டர் அகலச் சாலையில் ஒரு கிலோமீட்டருக்கு 2,500 லிட்டர் ஆகும். தண்ணீர் போன பின் மிஞ்சும் படலம் எழுதும் தாள் இரண்டின் கனம்கூட இராது. அந்த மெல்லிய படலம் சாலைக்குச் சில ஆண்டு ஆயுளைக் கூட்டித் தரும்.

எப்போது பூசலாம்? எப்போது கூடாது?

கல் தூவிய சாலை போட்டு, ஒட்டாத கல்லைப் பெருக்கித் தள்ளிய பின் பூசலாம். அல்லது சாலை வெளுத்து, ஓரத்தில் கல் குவியத் தொடங்கும்போது பூசலாம். சாலை சுத்தமாகவும் காய்ந்தும் இருக்க வேண்டும். மழை பெய்தால் மரத்துப் பால் கரைந்தோடி ஒரு நாள் கூலி வீணாவது நமக்குத் தெரியும். தார்ப்பாலும் அப்படியே ஓடிவிடும். பெரும்பாலும் மாலையில் மழை வரும் நம் ஊரில் காலை நேரமே நல்லது.

நண்பகலில் சாலை மேல் தார் கசிந்து பளபளத்தால் அங்கே பூசவே கூடாது. ஏற்கெனவே தார் மிகுந்த இடத்தில் மேலும் பூசினால் சாலை வழுக்குப்பாறையாகிவிடும். குழி விழுந்த சாலைக்கும் இது மருந்தல்ல. முதலில் குழியை வெட்டிக் கெட்டியாக அடைத்தாக வேண்டும். குழியின் மேல் கறுப்புப் பூச்சு பூசுவது புண்ணை மறைக்கப் பவுடர் போடுவது போலத்தான்.

நாம் செய்யக் கூடியவை

சாலையின் முதல் எதிரி தேங்கும் தண்ணீர். ஆகவே ஓரத்துக் கால்வாயில் மட்டையும் இலையும் குப்பையும் அடைக்காமல் பார்த்துக்கொள்வது பாதி வைத்தியம்.

திருமணத்துக்கும் திருவிழாவுக்கும் பந்தல் போடும்போது சாலையைக் குத்திக் கால் நட வேண்டாம். அந்தத் துளை வழியாகத் தண்ணீர் இறங்கும். மணல் நிரப்பிய வாளியில் கால் நட்டால் போயிற்று.

டீசலும் மண்ணெண்ணெயும் தாரைக் கரைக்கும். வண்டி பழுது பார்ப்பதையும் எண்ணெய் மாற்றுவதையும் சாலையில் செய்ய வேண்டாம். சாலையில் குப்பை எரிப்பதும் தாரைக் கெடுக்கும்.

கல் பெயரத் தொடங்கிவிட்டதா? குழி விழும் வரை காத்திராமல் அப்போதே சொல்லுங்கள். தோட்டத்துக்குள் உள்ள சாலை என்றால் நிர்வாகத்திடமும், வெளிச்சாலை என்றால் மாவட்டப் பொதுப்பணி இலாகா அல்லது ஊராட்சி மன்றத்திடமும் எழுத்தில் கொடுங்கள். எந்த இடம், எத்தனை தூரம், எந்தத் தேதியில் பார்த்தீர்கள் என்று குறித்து, ஒரு புகைப்படமும் சேருங்கள். கடிதத்தின் நகல் உங்களிடம் இருக்கட்டும்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை

சாலை வேலை நடக்கும் நாளில் பிள்ளைகளை அருகே விடாதீர்கள். கல் தூவுமுன் தெளிக்கும் சூடான தார் 150 டிகிரிக்கு மேல் கொதிக்கும். யார் மேலாவது பட்டுவிட்டால் உடனே ஓடும் தண்ணீரில் 20 நிமிடமாவது காட்டுங்கள். ஒட்டிய தாரைப் பிய்த்து எடுக்க வேண்டாம். தோலும் சேர்ந்து வரும். அப்படியே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

மேற்பூச்சு பூசிய சாலை பழுப்பு மாறிக் கறுத்து, காலில் ஒட்டாமல் காயும் வரை யாரும் நடக்கவும் கூடாது, வண்டி ஓட்டவும் கூடாது. திறந்துவிட்ட பிறகும் முதல் சில நாட்கள், முக்கியமாக மழையில், மோட்டார் சைக்கிள்காரர்கள் மெதுவாகப் போக வேண்டும். புதுப்பூச்சு சற்று வழுக்கும்.

நம் பாட்டன்மார்களில் பலர் தோட்டத்துக்கு மட்டும் உழைக்கவில்லை. இந்நாட்டின் சாலைகளிலும் இரயில் பாதைகளிலும் கல் சுமந்து, கல் உடைத்தவர்கள் அவர்கள். அவர்கள் போட்ட வழியில்தான் இன்று நம் பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள். நாளைக் காலை வீட்டை விட்டு இறங்கும்போது ஒரு நிமிடம் நின்று சாலையைப் பாருங்கள். வெளுத்திருக்கிறதா? ஓரத்தில் கல் குவிந்திருக்கிறதா? அப்படியானால் அது போர்வை கேட்கிறது. மழைக்காலம் வருமுன் கொடுத்துவிட்டால், நடுநிசியில் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய நாளில் அது நம்மைக் கைவிடாது.