மீன்தொட்டியின் வடிகட்டி

தெளிந்த நீரிலும் மீன்கள் இறப்பதுண்டு. அவற்றின் கழிவிலிருந்தும் எஞ்சிய இரையிலிருந்தும் உண்டாகும் அம்மோனியா, கண்ணுக்குத் தெரியாத நஞ்சு.

தொட்டியின் பின்விளிம்பில் தொங்கும் வடிகட்டி, குழாய் வழியே நீரை மேலே இழுத்து, பஞ்சின் ஊடே செலுத்திச் சிற்றருவிபோல் மீண்டும் தொட்டியில் விழச் செய்கிறது. பஞ்சு அழுக்கைத் தடுக்கும். அது சிறிய வேலையே. அதில் குடியேறும் நுண்ணுயிரிகள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பின்னர்த் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அவை பெருகச் சில வாரங்கள் ஆகும். ஆதலால் புதிய தொட்டியில் முதலில் ஓரிரு மீன்களையே விடுதல் நன்று.

40 லிட்டர் தொட்டிக்கு, மணிக்கு 160 முதல் 200 லிட்டர் நீரைச் சுழற்றும் வடிகட்டி பொருந்தும். நீண்ட துடுப்புடைய பீட்டா மீனுக்கோ வேகமான நீரோட்டம் ஆகாது.

பஞ்சைக் குழாய்நீரில் அலசாதீர்கள். நகரக் குழாய்நீரில் கலந்துள்ள குளோரின் நுண்ணுயிரிகளைக் கொல்லும். தொட்டி நீரையே வாளியில் முகந்து, அதில் மெல்லப் பிழிந்தெடுத்தால் போதும். இரவில் ஓசை கேட்கிறதென்று வடிகட்டியை நிறுத்துவதும் கூடாது. நீரோட்டம் நின்றால் நுண்ணுயிரிகளுக்கு உயிர்வளி கிட்டாது. ஓசைக்குக் காரணம் பெரும்பாலும் தாழ்ந்துவிட்ட நீர்மட்டமே. குளோரின் நீக்கிய நீரை ஊற்றி மட்டத்தை உயர்த்தினால் அது அடங்கிவிடும்.